பாறையை வெடிக்காமல் பொன் அரிப்பது: விக்டோரியாவில் தங்கம் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேட விரும்புபவர் முதலில் வாங்க வேண்டியது ‘மைனர்ஸ் ரைட்’ எனப்படும் உரிமச் சீட்டு. அரசின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பெறும் இந்தச் சீட்டு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். விதிகளுக்கு உட்பட்டுத் தேடிக் கண்டெடுக்கும் தங்கம் உங்களுக்கே சொந்தம். ஆனால் அந்த உரிமத்துடன் வரும் நிபந்தனைகளில் ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படித்துவிட வேண்டும் என்பேன். தோண்டுவதற்குக் கையால் இயக்கும் கருவிகள் மட்டுமே அனுமதிக்கப்படும். வெடிமருந்து எந்த அளவிலும் கூடாது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கம் தேடும் ஆசையும் பாறைக்கு வெடி வைக்கும் வேலையின் மீதுள்ள ஈர்ப்பும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கின்றன. எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். துளை போடுவது, மருந்து வைப்பது, வெடித்த பின் புகை அடங்கும்வரை காத்திருப்பது என்று அவர் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். தங்கம் என்றாலே பாறையைப் பிளந்து எடுப்பது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டது. மெல்போர்னுக்கு வந்து முதன்முதலாக ஓடையில் மண் அரிக்கும் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

பாறைக்குள் இருக்கும் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுரங்க நிறுவனங்கள் தங்கத்தின் அளவை ஒரு டன் பாறைக்கு இத்தனை கிராம் என்றுதான் கணக்கிடுகின்றன. பாறையை வெடித்து உடைப்பது அந்த வேலையின் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு கல்லை மாவாக அரைக்க வேண்டும், அந்த மாவிலிருந்து தங்கத்தை வேதிமுறையால் பிரிக்க வேண்டும். தனியாள் ஒருவர் ஒரு கல்மேட்டை உடைத்துப் போட்டாலும் அவர் கையில் மிஞ்சுவது கற்குவியல்தான். மாறாக, ஓடைப் படுகையில் கிடக்கும் தங்கத்தைப் பாறையிலிருந்து பிரிக்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. வெயிலும் மழையும் பல இலட்சம் ஆண்டுகளாக, தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் என்ற வெண்ணிறக் கல்லின் ரேகைகளை அரித்துத் தள்ளியிருக்கின்றன. வெள்ளம் அந்தக் கல்லை உருட்டி நொறுக்கி, கனமான பொன்னை ஓரிடத்திலும் இலேசான மணலை வேறிடத்திலும் சேர்த்து வைத்திருக்கிறது. பொழுதுபோக்காகத் தேடுபவர் செய்ய வேண்டியது, தண்ணீர் பிரித்து வைத்ததைக் கண்டுபிடித்து அரித்து எடுப்பது மட்டுமே. அதனால் வெடிமருந்துத் தடை இந்தப் பொழுதுபோக்கிலிருந்து எதையும் பறிப்பதில்லை.

வெடிவேலையை அறிந்துகொள்ளும் ஆர்வம் தவறானதன்று. அதற்கு உரிய இடங்கள் இருக்கின்றன. பெண்டிகோ நகரில் உள்ள சென்ட்ரல் டெபோரா சுரங்கம் 1939 முதல் 1954 வரை இயங்கியது. 412 மீட்டர் ஆழமும் 17 மட்டங்களும் கொண்ட அந்தச் சுரங்கத்துக்குள் இன்று வழிகாட்டியுடன் இறங்கிப் பார்க்கலாம். பாறை முகப்பில் துளைகள் போடப்பட்ட விதத்தையும், காற்றழுத்தத் துளைக்கருவிகளின் இரைச்சலையும் அங்கே நேரில் அறியலாம். அந்தக் கருவிகள் கிளப்பிய குவார்ட்ஸ் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்த பெண்டிகோத் தொழிலாளர்கள் மிகப் பலர். இதைத் தொழிலாகவே செய்ய விரும்புபவர் பயிற்சி பெற்று, மாநிலத்தின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான வொர்க்சேஃப் விக்டோரியாவிடம் வெடிமருந்தைக் கையாளும் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டிலோ காட்டிலோ கலவை எதையும் செய்து பார்ப்பது குற்றம். விரலையும் கண்ணையும் இழந்தவர்களில் பலர் சிறிய அளவில் செய்து பார்த்தவர்களே என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பழைய சுரங்கப் பகுதிகளில் நடக்கும்போது துருப்பிடித்த பெட்டியோ, மெழுகுத்தாள் சுற்றிய குச்சிகளோ, செம்புக் குப்பிகளோ, திரியோ கண்ணில் பட்டால் அவற்றைத் தொடாதீர்கள். காலால் நகர்த்தியும் பார்க்காதீர்கள். ஆல்ஃபிரெட் நோபல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட், நைட்ரோகிளிசரினை உறிஞ்சும் மண்ணில் ஊறவைத்துச் செய்யப்பட்டது. ஆண்டுகள் கடந்தால் அந்த எண்ணெய் வியர்வைபோல் வெளியே கசிந்து படியும். அந்த நிலையில் சிறு அதிர்வே போதும். வந்த வழியே திரும்பி நடந்து, தொலைவிலிருந்து அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்து, இடத்தைச் சொல்லிவிடுவதுதான் சரியான செயல்.

இனி, எங்கே தேடலாம் என்பதைப் பார்ப்போம். உரிமம் கையில் இருந்தாலும் எல்லா நிலத்திலும் தேட முடியாது. அரசுக் காடுகளிலும் பெரும்பாலான அரசு நிலங்களிலும் தேடலாம். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். தேசியப் பூங்காக்களில் பொதுவாக அனுமதி இல்லை; ஒரு சில பூங்காக்களில் மட்டும் குறிப்பிட்ட பகுதிகள் திறந்திருக்கின்றன. சில ஆறுகளும் ஓடைகளும் தடைப் பட்டியலில் உள்ளன. ஒருவர் நடப்பில் சுரங்க உரிமம் வைத்திருக்கும் நிலத்தில் அவருடைய அனுமதியின்றி நுழையக் கூடாது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ‘ஜியோவிக்’ என்ற அரசு இணைய வரைபடம் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, போகும் ஓடையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் அதில் பார்த்துவிடுங்கள். போகுமிடமெல்லாம் உரிமச் சீட்டு உங்களுடன் இருக்க வேண்டும்.

பலராட், பெண்டிகோ, காசில்மெயின், டனோலி, வெடர்பர்ன் என்று 1850-களில் உலகமே திரண்டுவந்த ஊர்கள் அனைத்தும் மெல்போர்னிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. பெண்டிகோவையும் காசில்மெயினையும் சுற்றிய நிலம் ஜா ஜா வுருங் மக்களின் பூர்வ நிலம். அங்கே பட்டை உரித்த தழும்புள்ள பெருமரங்களும் பாறையில் குடைந்த நீர்க்குழிகளும் கண்ணில் படலாம். அவை பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னங்கள். அவற்றின் அருகில் தோண்டாமல் விலகிச் செல்லுங்கள்.

நாம் இன்று எளிதாக வாங்கும் இந்தச் சீட்டு போராடிப் பெறப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1851-இல் தங்கம் தோண்டுபவர் ஒவ்வொருவரும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த முறைக்கும், சீட்டைக் காட்டச் சொல்லிக் காவலர் செய்த கெடுபிடிக்கும் எதிராகப் பலராட்டில் எழுந்த கிளர்ச்சி 1854 டிசம்பர் 3 அன்று, தோண்டுவோர் எழுப்பிய யுரேகா என்ற தடுப்பரணில் அரசுப் படையோடு நடந்த மோதலில் முடிந்தது. அடுத்த ஆண்டே மாத வரி நீங்கி, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ வந்தது. அதோடு வாக்குரிமையும் கிடைத்தது.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் வரிவரியாகப் படிகள் அமைந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று, பெருங்கற்களை நீக்கச் சல்லடை ஒன்று, சிறு மண்வாரி, ஒரு வாளி, பாறை இடுக்கைக் கிளறுவதற்கு வளைந்த நுனியுள்ள கம்பி, துகளை உறிஞ்சியெடுக்கும் பிளாஸ்டிக் குப்பி, மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டி ஆகியவை போதும். தட்டு கரும்பச்சையாகவோ நீலமாகவோ இருப்பது நல்லது. அந்த நிறத்தின்மேல் பொன்னும் தெரியும், கருமணலும் தெரியும். புதுத் தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மிக நுண்ணிய பொன் துகள் நீரின்மேல் மிதந்து தட்டைவிட்டு வெளியேறிவிடும். கையில் வெயில் காப்புக் களிம்பு பூசியிருந்தாலும் இதே தொல்லைதான்.

தட்டைக் கையாளும் முறையை ஓடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டையாக்கி, கடுகளவுக்கும் சிறிதாகப் பத்துத் துண்டுகள் வெட்டி எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றைத் தோட்டத்து மண்ணோடும் மணலோடும் கலந்து, பெரிய தொட்டி நீரில் அரித்துப் பாருங்கள். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11 மடங்கு. தங்கத்துடையது 19 மடங்கு. ஈயத்தை இழக்காமல் அரிக்கத் தெரிந்தவர் தங்கத்தை இழக்க மாட்டார். முதல் நாள் எனக்குத் திரும்பக் கிடைத்தவை ஆறு. பத்தும் தட்டில் நிற்கும்வரை பயிற்சி செய்தது, பின்னால் ஓடையில் எத்தனையோ நாள்களை மிச்சப்படுத்தியது.

உண்மையில் இந்த வேலை நம் வீட்டுக்குப் புதிதன்று. அரிசியில் கல் அரிப்பதை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தை நீரில் அலசிச் சாய்க்கச் சாய்க்க, அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியில் தங்கும். பொன் அரிப்பதும் அதே அசைவுதான். ஒரே வேறுபாடு, அங்கே அடியில் தங்குவதை எறிகிறோம். இங்கே அதற்காகவே உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் அம்மா ஒருமுறை என்னோடு ஓடைக்கு வந்தபோது, நான் எதுவும் சொல்லிக் கொடுக்காமலே மூன்றாவது தட்டில் சரியாக அரித்துவிட்டார்.

ஓடையில் எங்கே மண் அள்ளுவது என்பதுதான் அனுபவம் கேட்கும் பகுதி. வெள்ளம் வேகமாக ஓடும்போது பொன்னையும் உருட்டிச் செல்கிறது. வேகம் குறையும் இடத்தில் அதை முதலில் கீழே விடுகிறது. ஆகவே ஓடை வளையும் இடத்தில் உட்கரைப் பக்கமுள்ள சரளை மேடு, பெரும்பாறையின் கீழ்நீர்ப் பக்கம், குறுகலாக வந்த ஓடை சட்டென்று அகலும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். இன்றைய நீர்மட்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், பெருவெள்ளம் வந்தால் நீர் எந்த வழியில் பாயும் என்று கரையில் நின்று கற்பனை செய்து பார்க்க வேண்டும். மரக்கிளைகளில் சிக்கி நிற்கும் செத்தை அந்த உயரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மேல்மணலில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பொன் கீழே கீழே இறங்கி, அடிப்பாறையிலோ கெட்டியான களிமண் படுகையிலோ போய்த்தான் நிற்கும். ஓடைக்குக் குறுக்காகப் படுகைப்பாறையில் ஓடும் விரிசல்கள் மிக நல்ல பொறிகள். விரிசலுக்குள் கூழாங்கல் இறுகப் பொருந்தி, பிடுங்க வராமல் நின்றால் மகிழுங்கள். உங்களுக்கு முன் வந்தவர் அதைத் திறக்கவில்லை. கம்பியால் மெல்லக் கிளறி, அடியிலுள்ள துருநிற மண்ணைக் கடைசிக் கரண்டிவரை வழித்துத் தட்டில் போடுங்கள். பாறையில் ஒட்டிய பாசியையும் ஒரு வாளியில் அலசிப் பாருங்கள். நுண்துகளை அது பிடித்து வைத்திருக்கும். கரையைக் குடைவதும் மரவேரை அறுப்பதும் மட்டும் கூடவே கூடாது. அடுத்த வெள்ளத்தில் கரை சரிந்து ஓடையே கலங்கிவிடும். மரம் செடிகளுக்குச் சேதம் செய்வது உரிம நிபந்தனைக்கும் எதிரானது.

தட்டில் மூன்றில் இரண்டு பங்கு சரளையை நிரப்பி, முழங்கால் அளவுக்கும் குறைவான, மெதுவாக ஓடும் நீரில் முழுவதும் மூழ்க வையுங்கள். முதலில் கையால் பிசைந்து களிமண் கட்டிகளை முற்றிலும் கரைக்க வேண்டும். கரையாத கட்டி தட்டைவிட்டு உருண்டு போகும்போது தன்னோடு பொன்னையும் எடுத்துச் செல்லும். பெரிய கற்களைக் கழுவிக் கழுவி எறிந்த பின், தட்டை நீருக்குள் மட்டமாகப் பிடித்து, இடவலமாக விரைந்து ஆட்டுங்கள். இந்த ஆட்டத்தில்தான் கனமானது அடிக்கு இறங்குகிறது. அவசரக்காரர்கள் இதைக் குறைத்துவிட்டுச் சாய்ப்பதில் இறங்கிவிடுகிறார்கள். பிறகு வரிப்படிகள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தட்டைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்து, நீருக்குள் அமிழ்த்தி உயர்த்தினால், மேலே உள்ள வெண்மணல் அலைபோல விளிம்பைத் தாண்டி வழியும். நான்கைந்து முறை வழியவிட்டதும் மறுபடி மட்டமாக்கி ஆட்ட வேண்டும். இப்படி ஆட்டமும் சாய்ப்பும் மாறி மாறி வரவர மண் குறைந்து, நிறம் கருத்துக்கொண்டே வரும்.

இரண்டு கரண்டி கருமணல் மிஞ்சியதும் ஓடையைவிட்டு வெளியே வந்து, கரையில் உட்கார்ந்து வேலையைத் தொடருங்கள். கருமணலில் மாக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் மிகுதி. அவற்றின் அடர்த்தி நீரைப்போல் 5 மடங்கு அளவில் இருப்பதால் சாதாரண மணல் போன பின்னும் பொன்னோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டில் அரை டம்ளர் தெளிந்த நீர் விட்டு, மணலை ஓர் ஓரத்தில் சேர்த்து, நீர் மெல்லச் சுற்றி வருமாறு தட்டை வட்டமாகச் சாய்த்துக்கொண்டே இருங்கள். கருமணல் விசிறிபோல விரிந்து நகரும். அது விட்டுச்சென்ற வால்நுனியில், நகராமல் கிடக்கும் மஞ்சள் பொட்டுதான் தங்கம். முதலில் ஒன்று தெரியும். இன்னும் ஒரு சுற்றில் அதன் பின்னால் இரண்டு. அப்போது ஓடையின் ஓசைகூட நம் காதில் விழாது.

அது தங்கம்தானா என்ற ஐயம் எழுந்தால், உங்கள் உடலால் நிழல் விழச் செய்யுங்கள். பொன்போல் மின்னி ஏமாற்றும் கனிமங்கள் மைக்காவும் பைரைட்டும். மைக்கா வெயிலில் மட்டுமே தகதகக்கும், நீரின் சிறு அசைவுக்கும் எழுந்து மிதக்கும். பைரைட் பித்தளை நிறத்தில் கோணங்களோடு இருக்கும். கத்தி முனையால் அழுத்தினால் நொறுங்கிப் பொடியாகும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக நிற்கும். அழுத்தினால் தட்டையாகுமே தவிர உடையாது. சில சமயம் வெள்ளி நிறப் பூச்சோடு துகள் கிடைக்கும். அக்காலத்து அரைவை ஆலைகளிலிருந்து தப்பிய பாதரசம் பொன்னைப் பற்றிக்கொண்டதன் அடையாளம் அது. அதைத் தனிப் புட்டியில் நீருக்குள் போட்டு மூடி வைத்துவிடுங்கள். அடுப்பில் சூடாக்கிப் பாதரசத்தைப் போக்க முயலக் கூடாது. அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நீரில்லாத நிலத்தில் தேட மெட்டல் டிடெக்டர் வேண்டும். விக்டோரியாவின் செம்மண்ணில் இரும்புத்தாது மிகுதியாக இருப்பதால் விலை குறைந்த கருவிகள் காரணமில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்காகவே வடிவமைக்கப்பட்ட துடிப்பு முறைக் கருவிகளின் விலையோ மிக அதிகம். ஆகவே ஓராண்டாவது தட்டோடு பழகிய பின் அதைப் பற்றி யோசியுங்கள் என்பது என் கருத்து. ஆசையைத் தூண்டும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகுல் என்ற இடத்தில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் ஏறத்தாழ 70 கிலோ தங்கம் இருந்தது. மரத்தின் வேரருகே, மேல்மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் அது கிடந்தது. டனோலியில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாததால் பட்டடையில் வைத்து உடைத்தே நிறுத்தார்கள். 1980-இல் கிங்கோவரில் டிடெக்டர் காட்டிக்கொடுத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டியின் எடை 27 கிலோ. இந்த இரண்டுக்கும் வெடிமருந்து தேவைப்படவில்லை.

ஆபத்துகளில் முதலிடம் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளுக்கு. பல குழிகளின் வாய் புதரால் மூடியிருக்கும். மேலே போட்ட மரப்பலகை உளுத்துப்போயிருக்கும். கண்ணைத் தரையில் வைத்தே நடங்கள், குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள், எந்தக் குழிக்குள்ளும் சுரங்க வழிக்குள்ளும் இறங்காதீர்கள். உள்ளே காற்று கெட்டிருப்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. கோலாரின் சயனைடு மேட்டைப்போல இங்கும் அரைத்த கழிவு மணல் மேடுகள் உண்டு. பெண்டிகோப் பகுதிக் கழிவில் ஆர்செனிக் கலந்திருக்கும் என்பதால் அங்கே கிளறுவதைத் தவிர்த்து, உணவு உண்ணும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள். கோடையில் பாம்புகள் ஓடையோரம் வரும்; முழங்கால்வரை மூடிய காலணி நல்லது. முழு நெருப்புத் தடை அறிவித்த நாளில் காட்டுக்குள் போகவே வேண்டாம்.

கிளம்பும் முன் தோண்டிய குழி ஒவ்வொன்றையும் மூடுங்கள், அது சட்டமும்கூட. வீட்டுக்கு வந்ததும் புட்டியில் உள்ளதை ஒரு வெள்ளைத் தட்டில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தினால் எஞ்சிய கருமணல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாள் முழுக்க உழைத்தும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்திருந்தால் தொடக்கநிலையாளருக்கு அது நல்ல நாளே. எந்த வளைவில், எந்தப் பாறைக்குப் பின்னால், எத்தனை தட்டுக்கு எத்தனை பொட்டு என்பதை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெறும் தட்டாகப் போன இடங்களையும் சேர்த்தே எழுதுங்கள். குளிர்கால மழை ஓய்ந்து ஓடை தெளியும்போது, அதே விரிசல்களில் புதிய சரளை வந்து அடைந்திருக்கும். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போன முறை நின்ற பாறையிலிருந்தே தொடங்கலாம்.